செவ்வாய்க்கிழமை யார் வருவார்கள்?

போன வருடம் என் பிறந்த நாளை 'உருப்படியாக'க் கொண்டாடுவது என்று முடிவு செய்தேன். கேக், பார்ட்டி, மறுநாள் வயிற்று வலி எல்லாம் அலுத்துவிட்டது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தோம். தலைக்கு 500 ரூபாய். 50 பொட்டலம் சாம்பார் சாதம், 50 வாழைப்பழம், 50 தண்ணீர் பாட்டில். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய வால்டாக்ஸ் ரோடில் போய் இறங்கினோம். பஞ்ச காலத்தில் கோதுமைக் கப்பல் துறைமுகத்துக்கு வந்த மாதிரி ஒரு மிதப்பு.

முதல் பொட்டலத்தை ஒரு பெரியவரிடம் நீட்டினேன். அறுபத்தைந்து வயது இருக்கும். மீன்பாடி வண்டியின் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். (வெளியூர் வாசகர்களுக்கு: மீன்பாடி வண்டி என்பது மெட்ராஸுக்கே உரிய மூன்று சக்கர வாகனம். முன்னால் பலகை, பின்னால் மனிதர். பிரேக் பெரும்பாலும் கடவுள் செயல்.)

"இன்னா தம்பி, சாம்பார் சாதமா?"

"ஆமாங்க ஐயா."

"அப்டி ஓரமா வெச்சுட்டுப் போ."

ஓரமாகப் பார்த்தேன். ஏற்கெனவே மூன்று பொட்டலங்கள் இருந்தன. ஒன்று லெமன் சாதம், ஒன்று பிரிஞ்சி, ஒன்று ஏதோ கல்யாண மண்டபத்து மிச்சம். நாலாவது, கீழே ஒரு நாயின் முன்னால் பிரித்தபடி கிடந்தது. நாய் அதைத் தின்னாமல், சம்பளத்துக்கு மேல் வேலை வந்த குமாஸ்தா மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு நீங்க அஞ்சாவது பார்ட்டி" என்றார் பெரியவர். "ஞாயித்துக்கெழமைன்னா கல்யாண வூடு மாதிரிதான். வியாழக்கெழம பாபா கோயில் ஆளுங்க வருவாங்க. வெள்ளிக்கெழம பாய்ங்க வருவாங்க. சனிக்கெழம பெருமாள் பக்தருங்க. செவ்வாக்கெழம யாரு வருவாங்க, சொல்லு பார்ப்போம்?"

"யாரு?"

"ஒரு நாதி வராது. செவ்வாக்கெழம வா தம்பி. வேலை கீது."

அதற்குள் நண்பர் செல்போனை எடுத்துவிட்டார். நான் பொட்டலத்தை மறுபடி கையில் எடுத்து மறுபடி நீட்ட, பெரியவர் வழக்கப்படி சிரித்தார். இந்த 'வழக்கப்படி'தான் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

பத்து நிமிஷ தூரம்

செவ்வாய்க்கிழமை போனேன். நண்பர்களுக்கு ஆபீஸ் உண்டு, எனக்குக் கிடையாது. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவனை 'வேலை இல்லாதவன்' என்று என் மாமனார் ரொம்ப நாளாகச் சொல்லி வருகிறார். அன்றைக்கு அது சௌகரியமாக இருந்தது.

பெரியவர் வேஷ்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இடது பாதத்தில் ஒரு அழுக்குத் துணிக்கட்டு. பிரித்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சர்க்கரை வியாதி. பெருவிரல் பக்கம் புண். மூன்று மாதமாக ஆறவில்லை.

"இதோ பத்து நிமிஷத்துல ஜி.ஹெச். இருக்கே, போகலாமே?"

"வண்டிய யாரு பார்த்துப்பா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். சவுகார்பேட்டை, மின்ட் தெரு பக்கம் கடைகளுக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறார். வண்டி சொந்தம். முன்பு ஒரு தபா ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். இரண்டு மணி நேரம். வெளியே வந்தால் வண்டி இல்லை. இது இரண்டாவது வண்டி. கடன் வாங்கி வாங்கியது. "காலு போனா ஒரு காலுதான் போவும். வண்டி போனா சோறே போயிடும்" என்றார்.

அதாவது, மூன்று மாதமாக அந்த மனிதருக்கு வாரா வாரம் நாலு வகை சாதம் கிடைத்திருக்கிறது. அவருக்குத் தேவைப்பட்டதோ, காலை வேளையில் மூன்று மணி நேரம் ஒரு வண்டியின் மேல் சும்மா உட்கார ஒரு ஆள். அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை.

யார் இவர்கள்?

பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர் என்றால் பிச்சைக்காரர் என்று நினைப்பது நம் பழக்கம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்று ராத்திரி பத்தரை வரை பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெடுத்தேன். ஒருவர் மூட்டை தூக்குகிறவர். ஒருவர் கல்யாண சமையலில் பாத்திரம் கழுவுகிறவர். முகூர்த்த நாளில் மண்டபத்தில் படுக்கை, மற்ற நாளில் பிளாட்பாரம். ஒரு அம்மாள் பூக்கட்டி விற்கிறார். இரண்டு பேர் பேப்பர் பொறுக்குகிறவர்கள். ஒரு பையன் ஹோட்டலில் சப்ளையர். அன்றைக்கு நான் பார்த்த பதினொரு பேரில் பிச்சை எடுப்பவர் ஒருவர்தான். அவரும் கண் தெரியாதவர்.

நம் ஊரை ராத்திரி கழுவி, காலையில் மூட்டை தூக்கி, மாலையில் பூக்கட்டிக் கொடுக்கிறவர்கள் இவர்கள். சம்பளம் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கத்தான் பணமில்லை. இந்த ஊரில் ஒரு பத்துக்குப் பத்து அறைக்கு வீட்டுக்காரர் கேட்கிற அட்வான்ஸ் என்னவென்று மேன்ஷனில் காலம் தள்ளும் பிரம்மச்சாரி வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வடசென்னையின் சில தெருக்களில் மூன்று தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே குடித்தனம் செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. பாட்டி அங்கே பிறந்தவள், பேத்தி அங்கே வயதுக்கு வந்தவள். 2019-ல் லண்டனில் தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்தது. சென்னைப் பிள்ளைகளும் மும்பைப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடிய 'தென்னிந்தியா' அணி லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தைத் தோற்கடித்துக் கோப்பையோடு வந்தது. டி.வி.யில் பார்த்து நாமும் கை தட்டினோம். அவர்கள் திரும்பி வந்து எங்கே படுத்தார்கள் என்று கேட்க மறந்துவிட்டோம்.

அரசாங்கம் இவர்களை எண்ணாமல் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28-ம் தேதி ராத்திரி, வீடற்றவர்களை மட்டும் தனியாக எண்ணினார்கள். நாடு முழுக்க 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். 2001-ல் இருந்த 19 லட்சத்து 43 ஆயிரத்தைவிடக் குறைவுதான். ஆனால் குறைந்தது கிராமங்களில். நகரங்களில் 7.78 லட்சம், 9.38 லட்சமாக ஏறியது. அதுவும் ஒரே ராத்திரியில் எண்ணிய கணக்கு. பாலத்தடியில், கடைப் படிக்கட்டில், சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறவரை ஒரே ராத்திரியில் எண்ணுவது எவ்வளவு சுலபம் என்று நீங்களே ஒரு நாள் முயற்சி செய்து பாருங்கள்.

தேர்தல் ஆணையத்தின் விதிமுறைகளில் எனக்கு மிகப் பிடித்த ஷரத்து ஒன்று உண்டு. வீடற்றவர் வாக்காளர் பட்டியலில் சேர மனுப் போட்டால், முகவரிச் சான்று கேட்கக்கூடாது. வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரி நேரத்தில், ஒரு தடவைக்கு மேல், அந்த இடத்துக்குப் போய் அந்த ஆள் நிஜமாகவே அங்கே தூங்குகிறாரா என்று பார்க்கவேண்டும். தூங்கினால், அதுதான் முகவரி! இந்திய அரசாங்கம் எழுதியதில் கவிதைக்கு மிக அருகில் வருவது இதுதான் என்பேன்.

மாநகராட்சிக் காப்பகம்

"ராத்திரி தங்கறதுக்கு மாநகராட்சி காப்பகம் இருக்கே, அங்க போகலாமே?" என்று பெரியவரிடம் கேட்டேன்.

இந்தக் காப்பகங்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2010-ல், டெல்லிக் குளிரில் தெருவில் ஆட்கள் செத்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கோர்ட் கண்டிப்பாகச் சொன்னது: பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதற்கு விதி வகுத்தது. ஒரு காப்பகத்தில் 100 பேர். தலைக்குக் குறைந்தது 50 சதுர அடி. குடிநீர், குளியலறை, கழிப்பறை, சமையலறை. அது மட்டுமல்ல, அங்கே தங்குகிறவருக்கு அடையாள அட்டை, ரேஷன், ஓய்வூதியம் கிடைக்கவும் வழி செய்யவேண்டும்.

விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி சுமார் 67 லட்சம். அப்படியென்றால் 67 காப்பகங்கள் வேண்டும். இன்றைக்கும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ஆனால் இருப்பவற்றைக் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்துவது தொண்டு நிறுவனங்கள். ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, முதியவர்களுக்கு, மனநலம் குன்றியவர்களுக்கு என்று தனித்தனியாக இருக்கின்றன. பாய், சோறு, மின்விசிறி எல்லாம் இலவசம். மற்ற ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற அளவுக்கு நன்றாக நடப்பவையும் உண்டு.

பிறகு ஏன் பிளாட்பாரம் காலியாகவில்லை? அந்தத் 'தனித்தனி'யில்தான் சிக்கல். பூக்கட்டும் அம்மாளுக்குப் புருஷனும் பன்னிரண்டு வயது மகனும் உண்டு. காப்பகத்துக்குப் போனால் புருஷன் ஒரு இடம், அவர் ஒரு இடம், மகன் ஒரு இடம். "வூடு இல்லன்னாலும் குடும்பம் கீதே ஸார்" என்றார். ஊருக்கு வெளியே அடுக்குமாடி கொடுத்தாலும் இதே கதைதான். விடியற்காலை பூ மார்க்கெட்டுக்கு அங்கிருந்து எந்த பஸ்ஸில் வருவது?

பெரியவரின் பதில் இன்னும் எளிமை. "காப்பகத்துல எனக்குக் கட்டில் கீது. வண்டிக்கு?"

சத்திரத்து ஊர்

இந்த ஊருக்கு இது புதிதல்ல. 1782-ல் மெட்ராஸில் பஞ்சம் வந்தபோது ராயபுரம் பக்கம் ஒரு கஞ்சித்தொட்டி திறந்தார்கள். மணியக்காரர் ஒருவர் அதை நிர்வகித்ததால் மணியக்காரர் சத்திரம் என்று பெயர் வந்தது. வெள்ளைக்காரன் வாயில் அது 'மோனிகர் சௌல்ட்ரி' ஆயிற்று. கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள். பக்கத்திலேயே வைத்தியம் தொடங்கியது. அதுதான் வளர்ந்து இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆயிற்று. பழைய வண்ணாரப்பேட்டைப் பாட்டிகள் அதை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள்.

கவனியுங்கள்: கஞ்சியோடு நிறுத்தியிருந்தால் அது பஞ்சத்தோடு மறைந்திருக்கும். கஞ்சி குடிக்க வந்தவனுக்கு வேறு என்ன தேவை என்று யாரோ ஒருவர் பார்த்ததால்தான் இருநூறு வருஷத்துக்கு மேலாக அங்கே உயிர்கள் பிழைக்கின்றன.

வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. தினமும் சோறு என்பதுதான் அதன் பெருமை. 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று அவர் போர்டு மாட்டவில்லை.

மீன்பாடி வண்டிக் காவல்

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு ஜி.ஹெச். வெளியே ஒரு ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பெரியவர் நொண்டியபடி உள்ளே போனார். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

நான் வண்டிமேல் ஏறி உட்கார்ந்தேன்.

முதல் அரை மணி நேரம் கௌரவமாக இருந்தது. எட்டேகால் மணிக்கு ஒருவர் வந்தார். "பாரீஸ் கார்னர் வருமா? நாலு மூட்டை." வராது என்றேன். "அப்ப எதுக்குய்யா வண்டி மேல உட்கார்ந்திருக்கே?" என்று நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார். எட்டே முக்காலுக்கு ஒரு போலீஸ்காரர் வண்டியை நகர்த்தச் சொன்னார். நகர்த்த முயன்றேன். வண்டி என்னை நகர்த்தியது. அவரே சிரித்துக்கொண்டு ஒரு கை கொடுத்தார்.

ஒன்பதரை மணிக்குத்தான் அந்த விஷயம் நடந்தது. வெயில் ஏறிவிட்டது. காலையில் ஷேவ் செய்யவில்லை. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு கொஞ்சம் கண் அசந்தேன்போல. யாரோ தோளைத் தொட்டார்கள். இளைஞர்கள் மூன்று பேர், ஒரே மாதிரி பனியன் சட்டை. ஒருவர் கையில் பொட்டலம்.

"ஐயா, பொங்கல். சாப்பிடுங்க."

"இல்லீங்க, நான் வந்து..."

"பரவால்லங்கய்யா, வெச்சுக்கங்க." இன்னொருவர் செல்போனை உயர்த்திவிட்டார். "கொஞ்சம் இப்படிப் பாருங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். வழக்கப்படி.

அவர்கள் நல்ல பையன்கள். லீவு போட்டு வந்திருப்பார்கள். நான் யார், எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறேன், பசிக்கிறதா, எதுவும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை; இன்னும் 49 பொட்டலம் பாக்கி. சில நாட்களுக்கு முன் நானும் அதே அவசரத்தில்தான் இருந்தேன். அந்தப் போட்டோ எங்கேயாவது சுற்றிக்கொண்டிருக்கும். என் மாமனார் கண்ணில் படாமல் இருக்கவேண்டும்.

பொங்கல் நன்றாக இருந்தது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் கற்றது

மொத்தம் ஆறு செவ்வாய்க்கிழமை காவல் இருந்தோம். 'தோம்' என்பதைக் கவனிக்கவும். மூன்றாவது வாரத்திலிருந்து நண்பர்களும் முறை போட்டுக்கொண்டார்கள். ஏழரைக்கு வந்தால் ஒன்பதரை வரை ஒருவர், பிறகு நான். ஆபீசில் ஒரு மணி நேர பர்மிஷன். காரணம் என்ன என்று கேட்ட மேனேஜரிடம் ஒரு நண்பர், "மீன்பாடி வண்டிக்குக் காவல், ஸார்" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு பொய்யை யாரும் ஜோடிக்க முடியாது என்று அவர் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

அங்கே உட்கார்ந்ததில் இன்னொரு கூட்டம் கண்ணில் பட்டது. வெளியூர் நோயாளிகளின் கூட வந்தவர்கள். உள்ளே புருஷனுக்கு ஆபரேஷன். வெளியே மனைவி மரத்தடியில். பத்து நாள், இருபது நாள். ஊரில் வீடு இருக்கிறது, இங்கே வீடற்றவர். இவர்களுக்காகவே அரசு ஆஸ்பத்திரிகளின் அருகில் மாநகராட்சி தனிக் காப்பகங்கள் நடத்துகிறது. நான் பேசிய ஐந்து பேரில் நாலு பேருக்கு அது தெரியவில்லை. தெரிந்த அந்த ஒருவருக்குச் சொன்னது யார் தெரியுமா? வாசலில் டீ விற்கிறவர்.

இன்னொரு ரகமும் உண்டு. தனக்குத்தானே பேசிக்கொண்டு நடக்கிறவர்கள். பொட்டலம் கொடுத்தால் வீசி எறிவார்கள். நாமும் விலகிப் போய்விடுவோம். 1993-ல் இதே சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம் பெண்கள் அப்படி விலகிப் போகாமல் நின்றார்கள். தெருவில் மனநோயோடு அலைந்த பெண்களுக்காக அவர்கள் தொடங்கியதுதான் 'தி பேன்யன்'. அடைக்கலம் கொடுத்தார்கள், மருத்துவம் கொடுத்தார்கள், குணமானவர்களை ஊர் தேடிக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சேர்த்தார்கள்.

இப்போது சட்டமும் பக்கத்தில் நிற்கிறது. 2017-ம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, இப்படி அலைகிறவரைப் பாதுகாத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவது அந்தப் பகுதிப் போலீஸ் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக்கூடாது. வீடற்றவருக்குச் சிகிச்சை இலவசம். 'பைத்தியம்' என்று தாண்டிப் போகாமல் ஒரு போன் செய்தால் போதும்.

ரெவின்யூவும் கேபிடலும்

நம் ஜனங்களுக்கு மனசு இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஊர்ப் பையன்கள் கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து சோறு கொண்டுபோனார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, 'வீட்டிலேயே இருங்கள்' என்று அரசு சொன்னபோது, 'எந்த வீட்டில்?' என்று கேட்க இடமில்லாமல் நின்றவர்களை மாநகராட்சி பள்ளிக்கூடங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் தங்கவைத்தது. சமைத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் தொண்டர்கள். 2023 மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம். வெள்ளம் வந்தால் ஓடி வருகிற ஊர் இது. வெள்ளம் வடிந்த பிறகுதான் பிரச்னை.

காமர்ஸ் படித்தவனுக்கு இது சட்டென்று விளங்கும். சோற்றுப் பொட்டலம் ரெவின்யூ செலவு. அன்றே தீர்ந்துபோகும். தப்பில்லை, பசி பெரிது. ஆனால் 2013 முதல் இந்த ஊரில் அம்மா உணவகம் இருக்கிறது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று திறந்த இடம். பெரியவரே அங்கே காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறார். ஆறிய கால், ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, முதியோர் பென்ஷன் இதெல்லாம் கேபிடல் செலவு. வருஷக்கணக்கில் பலன் தரும். நாம் ஐந்தாவது பொட்டலத்துக்கு ஐந்நூறு கொடுக்கிறோம். ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க அரை மணி நேரம் கொடுப்பதில்லை.

ஆறு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்:

1. கொடுப்பதற்கு முன் கேளுங்கள். 'என்ன வேணும்?' என்று கேட்டால் பாதிப் பேர் சோறு கேட்பதில்லை. கொசுவலை கேட்கிறார்கள், செருப்பு கேட்கிறார்கள், செல்போனுக்குச் சார்ஜ் கேட்கிறார்கள். பெண்கள் தயங்கித் தயங்கி நாப்கின் கேட்கிறார்கள். ராத்திரியில் திறந்திருக்கும் கழிப்பறை கேட்கிறார்கள்.

2. மெட்ராஸ் டிசம்பருக்குக் கம்பளி வேண்டாம். தார்ப்பாய் கொடுங்கள். இங்கே எதிரி குளிரல்ல, மழையும் கொசுவும்.

3. ஒரே ஆளிடம் மறுபடி போங்கள். ஐம்பது பேருக்கு ஒரு நாள் போவதைவிட ஒருவரிடம் ஐம்பது நாள் போவது கஷ்டம். பலனும் அதில்தான்.

4. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். எந்த அறை, எந்த வரிசை என்று படித்துச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் பாதி வியாதி குறைகிறது.

5. சில நம்பர்களைச் செல்போனில் போட்டு வையுங்கள். மாநகராட்சிக்கு 1913. ஆம்புலன்ஸுக்கு 108. குழந்தைகள் என்றால் 1098. முதியவர்கள் என்றால் 14567.

6. போட்டோ எடுத்தே ஆகவேண்டும் என்றால் அவர்கள் படத்தையல்ல, உங்கள் படத்தை எடுங்கள். மீன்பாடி வண்டிமேல் உட்கார்ந்தால் யாரும் அழகாகத்தான் இருப்பார்கள்.

வண்டிக்கு இடம்

நாலாவது வாரம் டாக்டர் பெரியவரை உள்ளே படுக்கச் சொல்லிவிட்டார். பெருவிரலை எடுக்கவேண்டும், இன்னும் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்றார். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் கேட்காத கேள்வி எனக்குக் கேட்டது.

வண்டியை ஒரு நண்பரின் அபார்ட்மென்டில் நிறுத்தினோம். அவருக்குக் கார் கிடையாது; பார்க்கிங் உண்டு. மறுநாளே அசோசியேஷன் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு: 'பார்க்கிங்கில் வாகனங்கள் மட்டும் நிறுத்தப்பட வேண்டும்.' நண்பர் அடியில் எழுதினார்: 'மூன்று சக்கரம். என்ஜின் ஆஸ்பத்திரியில்.' வண்டி பன்னிரண்டு நாள் அங்கேதான் நின்றது. உள்ளே இருந்த பன்னிரண்டு நாளும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி கீதா?" இரண்டாவது, "மழைல நனையலியே?"

டிஸ்சார்ஜ் ஆகிறவரைப் பிளாட்பாரத்தில் விடமுடியாது. புண்ணில் தூசி படக்கூடாது. ஒரு காப்பகத்துக்குப் போய்ப் பொறுப்பாளரிடம் பேசினேன். பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராக, சுப்ரீம் கோர்ட் உத்தரவெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

"ஒரு கட்டில் வேணும் ஸார். கூடவே ஒரு மீன்பாடி வண்டி நிறுத்த இடம் வேணும்."

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். காம்பவுண்டுக்குள், கேட்டை ஒட்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆறடி இடம் சும்மா கிடந்தது.

"அங்க செயின் போட்டுக் கட்டிக்கச் சொல்லுங்க" என்றார்.

"இவ்வளவுதானா? ஏன் ஸார் இத்தனை நாள்..."

"யாரும் கேட்கலியே!"

எந்த விதியும் தடுக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. கேட்கத்தான் ஆளில்லை. மூன்று மாதப் புண்ணுக்கும் போன விரலுக்கும் காரணம் தேடினால், கடைசியில் ஒரு ஆறடி இடமும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்தான் மிஞ்சுகின்றன.

பெரியவர் இப்போது காப்பகத்தில் இருக்கிறார். பாரமில்லாத சவாரிக்கு மட்டும் வண்டி எடுக்கிறார். காப்பகத்துச் சான்றிதழை வைத்து ஆதாருக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். அது வந்தால் அடுத்தது பென்ஷன். ஆறு வாரக் காவலுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விடவில்லை. ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, "கணக்கு நேராச்சு" என்றார்.

போன வாரம் அவரிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரட்டுமா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம வாணாம் தம்பி. ஒரே கூட்டமா இருக்கும்" என்றார். "செவ்வாக்கெழம வா."